முறுக்கு டப்பாவில் தொடங்கினோம்

என் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது வயது மூன்றரை. வாயில் ஒரு சொல் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். இப்போது எட்டு வயது. தனக்கு வேண்டியதை அவன் கேட்கப் பழக, வீட்டில் எங்களுக்குப் பலன் தந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குச் செவித்திறன் சோதனை கட்டாயம். அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்டையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் நாம் செய்வது அதோடு சேர்ந்து நடக்க வேண்டியது.

நான் செய்த பெரிய தவறு, அவன் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்தது. பசி நேரம் தெரியும், பிடித்த டம்ளர் தெரியும். அப்புறம் அவன் ஏன் கேட்க வேண்டும்? அதனால் அவனுக்கு உயிரான முறுக்கை, உள்ளே இருப்பது தெரிகிற, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுக் கண்ணில் படும்படி வைத்தேன். அதே முறுக்கை செல்போனில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் உள்ளங்கை அளவுக்குப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்தேன்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் முறுக்கோடு எதிரில் உட்காருவேன். அத்தை அவனுக்குப் பின்னால். அவன் முறுக்கை எட்டிப் பிடிக்க வரும்போது, அத்தை பேசாமல் அவன் கையைப் படத்தின் மேல் வைத்து, எடுக்க வைத்து, என் கையில் கொடுக்க வைப்பார். படம் என் கைக்கு வந்த அந்த நொடியே "முறுக்கு" என்று சொல்லி, முறுக்கைக் கொடுத்துவிடுவேன். "என்ன வேணும்?" என்று கேட்கவே கூடாது, கேட்டால்தான் சொல்வது என்று பழகிவிடும். முறுக்கைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து வைத்தால் ஒரே உட்காரலில் பத்துத் தடவை கேட்க வாய்ப்பு. அத்தை நாளுக்கு நாள் தன் கையை விலக்கிக்கொண்டார். 1985-ல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய, படத்தைக் கொடுத்துக் கேட்கப் பழக்கும் 'பெக்ஸ்' (PECS) முறையின் முதல் படி இது.

"படத்தைக் கொடுத்துப் பழக்கினா புள்ள பேசவே பேசாதே" என்று அத்தைக்கு முதலில் பயம். எனக்கும் இருந்தது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படமோ செயலியோ பேச்சைத் தடுப்பதில்லை. சென்னையில் உருவான, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் 'ஆவாஸ்' செயலியில் தமிழும் உண்டு, பிறகு அதற்கும் போகலாம்.

அடுத்தது காத்திருப்பது. இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சேலையில் தூளி கட்டி நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்துவேன். மனதுக்குள் பத்துவரை எண்ணுவேன். ஐந்து எண்ணுவதற்குள் வாய் துறுதுறுக்கும். ஒருநாள் எட்டில் அவன் திரும்பி என் கண்ணைப் பார்த்து "ஆ" என்றான். அதையே "ஆட்டு" என்று எடுத்துக்கொண்டு உடனே ஆட்டினேன். எந்தச் சத்தமானாலும், பார்வையானாலும், விரல் நீட்டலானாலும் அவன் கேட்டதாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். "ஒழுங்கா சொல்லு, அப்பதான்" என்று பிடித்து வைக்காதீர்கள்.

சொல் வர ஆரம்பித்ததும் இன்னொன்று நடந்தது. தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்பான். நாங்கள் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னான். அவனுக்கு அதுதான் தண்ணீரின் பெயர். திருத்தவில்லை. டம்ளரைக் கொடுக்கும்போது அவன் சொல்ல வேண்டியதையே நாங்கள் சொல்லத் தொடங்கினோம்: "தண்ணி வேணும்." சில மாதங்களில் 'மா' உதிர்ந்தது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்களோ அதையே பேசுங்கள். இவனுக்காக ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதில்லை.

கேட்பதற்கு மட்டும் படம் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 'வேண்டாம்', 'போதும்' இரண்டுக்கும் படம் கட்டாயம் வேண்டும். பிள்ளை அதைக் கொடுத்தால் முடிந்தவரை மதியுங்கள். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், மேளச் சத்தம் ஏறியதும் காதைப் பொத்திக்கொண்டான். முன்பென்றால் தரையில் புரண்டு அழுதிருப்பான். அன்று என் பையைத் துழாவி 'போதும்' அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். பந்திக்கு இன்னும் கூப்பிடவில்லை. எழுந்து வெளியே வந்து, மண்டப வாசல் வேப்பமரத்தடியில் அவனோடு உட்கார்ந்தேன்.