பார்ட்டிக்கு எந்தத் தேதி சொல்வது, மெஷினுக்கு எப்போது ஊசி மாற்றுவது

திருப்பூரில் எங்கள் நிட்டிங் யூனிட்டில் எட்டு மெஷின்கள். அதில் ஒன்று 30 இன்ச் விட்டம், 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி), 90 ஃபீடர் (நூல் நுழையும் இடங்கள்). 30ஆம் நம்பர் நூல், லூப் நீளம் (ஒரு கண்ணிக்குப் போகும் நூல்) 2.8 மி.மீ., 25 ஆர்பிஎம். கணக்குப்படி 12 மணி நேர ஷிப்டுக்கு 200 கிலோ சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட் துணி) வர வேண்டும். வராது. நூல் அறும், நூல் கோன் வந்து சேராது, கரண்ட் போகும், ஊசி உடையும்.

அதனால் பார்ட்டிக்கு டெலிவரி தேதி சொல்லும்முன் கடைசி 30 ஷிப்டின் எடையை நோட்டிலிருந்து எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள். மேலிருந்து 24வது எண்ணை வைத்துத் திட்டம் போடுங்கள். எங்களுக்கு அது 160 கிலோவை ஒட்டி வந்தது. சராசரியை நம்பினால் கிட்டத்தட்ட பாதி நாள் அதற்குக் கீழேதான் விழும்.

பழுது இரண்டு வகை. எலக்ட்ரானிக் போர்டு பெரும்பாலும் சொல்லாமல் போகும். அதை முன்கூட்டி மாற்றிப் பயனில்லை, ஸ்பேர் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். ஊசியும் சிங்கரும் (ஊசிகளுக்கு நடுவே துணியைப் பிடிக்கும் தகடு) தேய்ந்துதான் போகும். கணக்கு வைக்க வேண்டியது இவற்றுக்கு.

நான்கு வருடம் முன்பு அவசர ஆர்டர் ஒன்று. ஊசி பழையது என்று தெரிந்தும் "இது முடியட்டும்" என்று ஓட்டினேன். கிரே துணியில், அதாவது சாயம் ஏறாத துணியில், ஒன்றும் தெரியவில்லை. டையிங்கிலிருந்து நேவி ப்ளூவாக வந்தபோது நீளவாக்கில் மெல்லிய கோடுகள், ரோல் ரோலாக. 600 கிலோ. ஊசியைக் கழற்றி லென்ஸில் பார்த்தால், கொக்கியின் உள்பக்கம் நூல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. கொக்கியை மூடித் திறக்கும் லேட்ச் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஊசி செட்டுக்கும் பின்னிய கிலோவையும் உடைந்த ஊசியையும் எழுதுகிறேன். 1000 கிலோவுக்கு எத்தனை உடைகிறது என்று பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை கூடினால் செட் முழுவதையும் மாற்ற நேரம் வந்துவிட்டது. தேய்ந்த ஊசிகளுக்கு நடுவே புது ஊசி ஒன்றைச் சொருகினால் அதுவே ஒரு கோடு போடும்.

மாற்றுவதற்கென்று மெஷினை நிறுத்தக் காத்திருக்க வேண்டாம். போன செட் எத்தனை கிலோவில் தகராறு செய்ததோ அதில் முக்கால் பங்கு தாண்டிவிட்டால், மெஷின் எதற்காக நின்றாலும் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன். கவுண்ட் (நூல் நம்பர்) மாற்றும் நாள், நூல் வராத நாள், மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாள், எல்லாம் தோதுதான். கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதைவிட, மெஷினைக் கையால் சுற்றியே ஊசியை மாற்றிவிடலாம். இதற்குப் புது செட் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஆர்டரையும் ஊசியின் வயதைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். அடர் நிறம் புது ஊசிக்கு; வெள்ளையும் பிரிண்ட் போகிற துணியும் பழைய ஊசிக்கு.

ஊசி மாற்றியபின் வரும் முதல் ரோலில் எண்ணெய்க் கறை இருக்கும், அதைத் தனியே வையுங்கள். அடுத்த ரோலில் ஒரு துண்டு வெட்டி டையிங்குக்குக் கொடுத்து, சாயம் ஏறியதும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். கோடு இல்லையென்றால் பெரிய ஆர்டரை ஏற்றலாம்.