'கலரிசம்'ங்கற வார்த்தையோட கதைய பிள்ளைங்களுக்கு எப்டி சொல்லிக் குடுக்கறது

போன மாசம் ஒரு நலங்குல சொந்தக்கார அத்தை ஒருத்தங்க என் பொண்ணு கன்னத்துல மஞ்சள் பூசிக்கிட்டே "மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா, கொஞ்சம் சிவப்பா மட்டும் பொறந்திருந்தா..."ன்னு இழுத்தாங்க. வீட்டுக்கு வந்து அவ கேட்டா, "அம்மா, இதுவும் அபார்தெய்ட் தானா?" ஒம்பது வயசு. அன்னைக்கு எனக்கு சட்டுனு பதில் வரல, அப்புறம் படிச்சு, கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுத்தத எழுதறேன், தென்னாப்பிரிக்காவுல, எங்கள மாதிரி டர்பன்ல பிள்ளை வளக்கறவங்களுக்கு உதவும்.

மொதல்ல அபார்தெய்ட் வேற, கலரிசம் வேறன்னு ரெண்டையும் பிரிங்க. தமிழ்ல நாம எல்லாத்துக்கும் நிறவெறின்னு போட்டுடறோம், பிள்ளைங்களுக்கு அது வெள்ளைக்காரங்க நமக்கு பண்ணதுன்னு மட்டும்தான் பதியுது. அபார்தெய்ட் இங்க டச்சுலருந்து வந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழி வார்த்தை, தனித்தனியா இருக்கறதுன்னு அர்த்தம், 1948ல வெள்ளைக்காரங்களோட நேஷனல் பார்ட்டி ஜெயிச்சதும் அதுவே அரசாங்கக் கொள்கை ஆச்சு, 1950ல ஒவ்வொருத்தருக்கும் இனம் எழுதி பதியற சட்டம், அதே வருஷம் ஒவ்வொரு இனமும் தனித்தனி ஏரியாவுலதான் குடியிருக்கணும்ங்கற குரூப் ஏரியாஸ் சட்டம். வருஷத்த மட்டும் ஒப்பிக்க வைக்காதீங்க. நாங்க இருக்கற டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்தே அந்த சட்டத்தால வந்த ஊர்தான், டர்பன்ல இருந்த கேட்டோ மேனர்லருந்தும் மேகசின் பேரக்ஸ்லருந்தும் நம்மாளுங்கள கிளப்பி இங்க கொண்டாந்து விட்டாங்கன்னு வாசல்ல நின்னு தெருவக் காட்டி சொல்லுங்க.

அப்புறம் ஒரு பென்சில் எடுங்க. முடிக்குள்ள செருகி தலைய ஆட்டச் சொல்லுங்க. எந்த இனம்னு சந்தேகம் வந்த ஆளுங்கள இப்டியும் பிரிச்சிருக்காங்க, கீழ விழுந்தா வெள்ளை, மாட்டிக்கிட்டா கலர்ட், அதாவது கலப்பினம், ஒரே குடும்பத்து ஆளுங்களே வேற வேற இனமா எழுதப்பட்டிருக்காங்க. என் பொண்ணுக்கு பென்சில் சர்ருனு நழுவி கீழ விழுந்துச்சு. "அப்ப நான் வெள்ளையா?"ன்னு கேட்டா. உங்க பிள்ளையும் அதக் கேட்டுட்டா, இப்டி பிரிச்சது எவ்ளோ அபத்தம்னு அதுக்கே புரிஞ்சிடும், பாதி வேலை முடிஞ்சுது.

இப்பதான் கலரிசம். அமெரிக்க கருப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1982ல ஒரு கட்டுரைல இந்த வார்த்தைய எழுதினாங்க, 1983ல அது அவங்க தொகுப்புலயும் வந்துச்சு. ஒரே இனத்து ஆளுங்கள நிறத்த மட்டும் பாத்து ஒருத்தர ஒசத்தியாவும் ஒருத்தர மட்டமாவும் நடத்தறதுன்னு விளக்கம். வழக்கம் அடிமைக் காலத்துலருந்தே இருக்கு, அத சொல்லத்தான் சரியா ஒரு பேர் தேவைப்பட்டுச்சு. அத்தை பேசினது அபார்தெய்ட் இல்ல, இதுதான்னு தெளிவா சொல்லிடுங்க. தமிழ்ல நிறவாதம்னு எழுதறாங்க.

வீட்டு ஆளுங்க கதையும் சொல்லுங்க, மறைக்காதீங்க. எங்க ஆயா சின்ன வயசுல வெளுக்கற கிரீம் பூசிப் பூசி ரெண்டு கன்னத்துலயும் நீலக்கருப்பா திட்டுத்திட்டா ஆயிடுச்சு, கடைசி வரைக்கும் போகல, போட்டோன்னா முந்தானையால மறைச்சுக்குவாங்க. அந்த மாதிரி கிரீம்ல இருந்த ஹைட்ரோகுவினோன்ங்கற ரசாயனத்த 1990ல இந்த நாட்டுல அழகு சாமான்ல போடக்கூடாதுன்னு தடை பண்ணாங்க. ஆயா போட்டோவ பக்கத்துல வெச்சு இத சொன்னப்ப என் பொண்ணு ரொம்ப நேரம் அந்த கன்னத்தையே பாத்துக்கிட்டிருந்தா.

கடைசியா பதில் சொல்லப் பழக்குங்க. "அத்தை, என் கலரப் பத்தி பேசாதீங்க, எனக்கு கஷ்டமா இருக்கு", அவ்ளோதான், மரியாதையும் கெடாது. பொண்ணு பாக்கற பேச்சுல "நல்ல சிவப்பு"ன்னு நம்ம வாய்ல வர்றதயும் அன்னைலருந்தே நிறுத்தணும், பிள்ளைங்க கேட்டுக்கிட்டேதான் இருக்கும். போன சனிக்கிழமை ஃபோன்ல அத்தைகிட்ட என் பொண்ணே அந்த பதில சொன்னா. அத்தை கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் பரீட்சை எப்பன்னு கேட்டாங்க.