கொங்கு வட்டார அரசியல் படங்களில் துப்பாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல் படத்தில் ஒரு துப்பாக்கி வெளியே வந்தவுடன், அது யாருடையது, எந்த வழியாக அந்தக் கைக்கு வந்தது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அரசு கொடுத்ததா, உரிமம் பெற்று வாங்கியதா, கள்ளத்தனமாக வந்ததா என்பதைப் பொறுத்தே, அதை ஏந்தி நிற்பவரின் அதிகாரம் எப்படிப்பட்டது என்று பார்வையாளர் புரிந்துகொள்கிறார். பொள்ளாச்சியையும் கோபிச்செட்டிபாளையத்தையும் களமாகக் கொண்டு படம் எடுப்பவர்கள், வேட்டிக் கரையிலிருந்து ஊர்ப் பேச்சு வரை பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, துப்பாக்கி என்று வரும்போது வாடகைக்குக் கிடைத்ததைக் கொடுத்து நடிக்கவைத்துவிடுகிறார்கள்.

இதில் முதன்மையான தவறு, உள்ளூர்ப் பெரும்புள்ளியின் இடுப்பில் 9 மில்லிமீட்டர் பிஸ்டலைச் செருகுவது. அது காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்தும் அளவு; சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு உரிமம் கிடைப்பதில்லை. உரிமம் பெற்ற தோட்ட உரிமையாளர் வீட்டில் இருக்கக்கூடியது, காட்டுப்பன்றிக்கு அஞ்சி வாங்கிய 12 போர் (bore, குழல் துளையின் அளவு) ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி. தற்காப்புக்கு என்றால் கான்பூரில் செய்யப்பட்ட .32 ரிவால்வர். ஆயுதச் சட்டத்தில் 2019 இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர் போன்ற சிலரைத் தவிர, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. சுவர் நிறையத் துப்பாக்கி மாட்டிய கூடத்தைக் காட்டும் இயக்குநர், அந்த மனிதர் சட்டத்தை மீறுகிறவர் என்று சொல்லிவிடுகிறார். தெரிந்து சொன்னால் அது கதை; தெரியாமல் சொல்வதுதான் பிழை.

தேர்தலைச் சுற்றி நடக்கும் கதைகளில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். வங்கிக் காவலர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தம் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துச் செல்வார். அங்கே காவலர் குழலை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, துப்பாக்கி எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு ரசீது கொடுப்பார். தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வரும்வரை அந்த ரசீது நிலப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் இருக்கும். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் வேட்பாளர் தம் சொந்தத் துப்பாக்கியை எடுத்து மிரட்டுவதாக எழுதுகிறவர், அது ஏன் இன்னும் வீட்டில் இருக்கிறது என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காமல் மறைத்தார் என்றால், காவல் ஆய்வாளர் அவரை மடக்குவதற்கு அந்த ரசீது இல்லாமையே போதும்.

பழைய காலத்தைக் காட்டும் படங்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது காவலர் கையில் இருக்கும் துப்பாக்கிதான். மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது 1970 இல் பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூவர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைப் போன்றதொரு நிகழ்ச்சியைப் படமாக்கும்போது தானியங்கித் துப்பாக்கி படபடவென்று பொழிவதாகக் காட்டுவது, இறந்தவர்களுக்கு நேர்ந்ததையே மாற்றிச் சொல்வதாகும். அக்காலக் காவலரிடம் பொதுவாக இருந்தது ‘த்ரீ நாட் த்ரீ’ என்று ஊரார் சொல்லும் .303 ரைஃபிள். அதன் மேகசினில் பத்துத் தோட்டாக்கள் இருந்தாலும், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வலக்கையால் போல்ட்டை, அதாவது குழலின் பின்புறத்தை அடைக்கும் தண்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, மறுபடி முன்னே தள்ளி மடக்க வேண்டும். ஆகவே ஒரு வெடி, இடைவெளி, இன்னொரு வெடி என்றுதான் சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் சுடுகிறவர் எதிரே நிற்கும் கூட்டத்தைப் பார்க்கிறார், பார்த்த பிறகும் மறுபடி சுடுகிறார். அந்தக் காட்சியின் அரசியல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கலை இயக்குநர்கள் கோவை ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் இயங்கும் காவல் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வந்தால் எவ்வளவோ நல்லது. இதே கணக்கில், நெருக்கடிநிலைக் காலக் (1975–77) கதையில் கிளாக் பிஸ்டல் வரவே கூடாது. ஆஸ்திரிய ராணுவம் அதை ஏற்றுக்கொண்டதே 1982 இல்தான்.

கிளாக்குக்கு வெளியே தெரியும் சுத்தியல் (தோட்டாவை வெடிக்கவைக்கத் துப்பாக்கியின் பின்புறம் இருக்கும் பாகம்) கிடையாது என்பதால், கட்டைவிரலால் சுத்தியலை இழுக்கும் ‘கிளிக்’ ஒலியை அதற்குச் சேர்ப்பதும் தவறு. ரிவால்வர் சுடச் சுடக் காலிக் கூடுகளை உதிர்க்காது. அதன் முனையில் சைலன்சரைப் பொருத்தினாலும், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்து வழியாகச் சத்தம் வெளியேறிவிடும். ஏ.கே. 47 நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டாக்கள் என்ற வேகத்தில் சுடுவது. விசையை விடாமல் அழுத்தினால் 30 தோட்டா மேகசின் மூன்றே நொடிகளில் காலியாகிவிடும். அமைச்சரின் மெய்க்காவலராக நடிப்பவர் சுடாத நேரம் முழுவதும் விரலை விசை வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்திருக்க வேண்டும். பயிற்சி பெற்றவரா இல்லையா என்பதை அந்த ஒரு விரலே காட்டிக்கொடுத்துவிடும்.

பொதுக்கூட்ட மேடையில் தலைவரைத் தொலைவிலிருந்து சுடும் காட்சிதான் இத்தகைய படங்களின் உச்சம். ஒலிப்பதிவாளர்கள் மிகுதியாகச் சறுக்குவதும் அதில்தான். ரைஃபிளின் தோட்டா ஒலியைவிட வேகமாகப் பறப்பது. 400 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டால், மேடையருகே இருப்பவர்களுக்கு முதலில் கேட்பது, தலைக்கு மேலே சாட்டையைச் சொடுக்கியது போன்ற கூர்மையான ஓசை. தலைவர் சாய்வதும் அதே கணத்தில். துப்பாக்கியின் வெடிச்சத்தம் அரை நொடிக்குச் சற்று மேலாகத் தாமதித்தே வந்து சேரும். முதல் ஓசை திசையை மயக்கிவிடுவதால், கூட்டம் ஆளுக்கொரு பக்கம் திரும்பும். காவலர்கள் எல்லோரும் அந்த நொடியே சரியான மாடி ஜன்னலைச் சுட்டிக்காட்டுவதாக எடுக்கக்கூடாது.