ரீச் விழுந்ததும் பரிசுப்போட்டி வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு விதைத் திருவிழாவில் எனக்குப் பக்கத்துக் கடை ஒரு இளம்பெண்ணுடையது. மரச்செக்கு எண்ணெய் விற்கிறார். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறதாம். "அக்கா, முன்னாடி ஒரு ரீல்ஸ் போட்டா ரெண்டாயிரம் பேர் பார்ப்பாங்க. இப்ப இருநூறு தாண்ட மாட்டேங்குது, ரீச் விழுந்துடுச்சு. அதான் போட்டி வைக்கப் போறேன்" என்று போனை நீட்டினார். திரையில் ஒரு பட்டுப்புடவை. பக்கத்தைப் பின்தொடர்ந்து மூன்று நண்பர்களை டேக் செய்தால் குலுக்கலில் புடவை.

"வேண்டாம்மா, கொஞ்சம் பொறு" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். படம் தெளிவாக இருக்க வேண்டும், கேட்டவர்களுக்குப் பதில் போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, ரீச் விழுந்ததும் பலர் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

என் பக்கத்தை மட்டும் முடக்கிவிட்டார்கள் என்று நினைப்பது

சந்தேகம் இருந்தால் முதலில் பார்த்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கு வைத்திருந்தால், அமைப்புகளில் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் பதிவுகள் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுமா இல்லையா என்பது அதிலேயே தெரியும். என்னிடம் புலம்பிய பலருக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. இடம்தான் போதவில்லை. ஒருவர் ஃபேஸ்புக்கின் உள்ளே வரும்போது அவருக்காகச் சராசரியாக 1,500 பதிவுகள் காத்திருக்கின்றன, அதில் சுமார் 300 மட்டுமே காட்டப்படுகின்றன என்று ஃபேஸ்புக் 2014-லேயே சொன்னது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்ததும் பக்கங்களுக்கான இடம் இன்னும் சுருங்கியது.

பரிசுப்போட்டி

அதே 2018-ல்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன். நான் விற்பது நாட்டுக் காய்கறி விதை. ஆண்டு விற்பனையில் பாதி, ஆடிப்பட்டத்துக்கு முந்தைய ஆறு வாரத்தில் நடந்துவிடும். ஆனி பிறந்தபோது என் ஃபேஸ்புக் பக்கத்தில் 4,200 பேர் இருந்தார்கள், ஆனால் பதிவுகளைப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பயந்துபோய் 3,400 ரூபாய்க்கு ஒரு மிக்சி வாங்கிப் போட்டி அறிவித்தேன். லைக் போடுங்கள், ஷேர் செய்யுங்கள், மூன்று பேரை டேக் செய்யுங்கள். பத்தே நாளில் 15,000 பேர். மிக்சி வென்றவருக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தபோது, "நீங்க என்ன விக்கறீங்க?" என்று கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஆடிப்பட்ட விதைப் பட்டியலைப் போட்டேன். முந்தைய ஆண்டு அதே பட்டியலுக்கு அறுபது எழுபது கருத்துகள் வந்தன. இந்த முறை ஒன்பது. அதில் நான்கு, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டவை.

காரணம் இதுதான். ஒரு பதிவு எல்லாருக்கும் சமமாகப் போவதில்லை. யார் நின்று படிப்பார், யார் கருத்து எழுதுவார், யார் தள்ளிவிட்டுப் போவார் என்று கணித்துத்தான் ஒவ்வொருவர் திரையிலும் வரிசை அமைகிறது. மிக்சிக்காக வந்தவர்கள் விதைப் பதிவைத் தள்ளிவிட்டுப் போனார்கள். நல்ல விதையோடு பழைய சொத்தை விதையைக் கலந்து நூறு விதை ஊன்றினால் முப்பதுதான் முளைக்கும், பார்ப்பவர் பாக்கெட்டே மோசம் என்றுதான் சொல்வார். என் பக்கத்துக்கும் அதுதான் நடந்தது. உண்மையில் விதை தேடுகிறவர்களுக்கும் என் பதிவு போய்ச் சேரவில்லை.

அப்புறம் செய்ததை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. ரீச்சை மீட்கிறேன் என்று 6,000 ரூபாய் கட்டிப் பட்டியலை பூஸ்ட் செய்தேன், அதாவது விளம்பரமாக ஓட்டினேன். யாருக்குக் காட்ட வேண்டும் என்ற இடத்தில், 'பக்கத்தை விரும்பியவர்களும் அவர்களுடைய நண்பர்களும்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தை விரும்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் மிக்சிக்காக வந்தவர்கள். அவர்களுடைய நண்பர்கள், அவர்கள் டேக் செய்த ஆட்கள். மொத்தப் பணமும் அவர்களிடமே போனது. அந்த ஆடியில் 11 கிலோ விதை தேங்கி, அவரையில் வண்டு விழுந்தது.

லைக், டேக், ஷேர் கேட்டுக் கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. சொந்தக் காலவரிசையில் (டைம்லைனில்) ஷேர் செய்தால்தான் போட்டியில் சேர்க்கை என்று வைப்பது அதன் விதிக்கே எதிரானது. விதியைப் படிக்காமல் இறங்கியது என் தவறு.

வந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கப் பார்த்தேன். இரண்டு இரவில் 300 பேர்தான் முடிந்தது, விட்டுவிட்டேன். பழைய பில்களை எடுத்து, வாங்கியவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் சேர்த்தேன். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். எனக்கு வேண்டியவர்களும் அவர்கள்தான். அடுத்த ஆடி விற்பனை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் நடந்தது.

பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் பொருளையே கொடுங்கள். ஐந்து விதைப் பாக்கெட்டுக்காக வருபவர் வீட்டில் இரண்டு தொட்டியாவது இருக்கும்.

'லைக்குக்கு லைக்' குழுக்கள்

ஒருவர் பதிவுக்கு மற்றவர் லைக் போட்டுக்கொள்ளும் இந்தக் குழுக்களிலிருந்து வெளியேறிவிடுங்கள். மிக்சிக்காக வந்தவர்கள் கதைதான் இங்கேயும்.

பதிவு ஓடவில்லை என்று அரை மணி நேரத்தில் அழித்துவிட்டு மறுபடி போடுவது

வந்த கருத்துகளும் சேர்ந்து அழிந்துபோகும். வேப்பங்கொட்டைக் கரைசல் பற்றி நான் போட்ட ஒரு பதிவு நான்காம் நாள்தான் ஓடத் தொடங்கியது.

வேறு செயலியின் முத்திரையோடு (லோகோவோடு) ரீல்ஸ்

அப்படிப்பட்டவற்றைப் பரிந்துரையில் பின்தள்ளுவோம் என்று இன்ஸ்டாகிராம் 2021-ல் சொல்லிவிட்டது. முத்திரை இல்லாத அசல் வீடியோவைப் போனில் வைத்திருங்கள்.

பார்த்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

எந்தப் பதிவைப் பார்த்து எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். போன ஆண்டு தோட்டத்தில் மழை பெய்த ஒரு ரீல்ஸை 41,000 பேர் பார்த்தார்கள். விசாரித்தவர்கள் 2 பேர். சுரையில் பிஞ்சு வெம்பி உதிர்வது ஏன் என்ற பதிவைப் பார்த்தவர்கள் வெறும் 380 பேர். விசாரித்தவர்கள் 27, வாங்கியவர்கள் 19. பெண்பூவை நாமே தொட்டு மகரந்தம் சேர்ப்பது எப்படி என்று படத்தோடு காட்டியிருந்தேன். இப்போது அந்த மாதிரிப் பதிவுகளைத்தான் மாதம் நான்கு போடுகிறேன்.

அன்று மாலையில் கடையை மடக்கும்போது அந்தப் பெண்ணிடம் பில் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எட்டு மாதத்தில் எண்ணெய் வாங்கியவர்கள் 110 பேர், எல்லாருடைய எண்ணும் அதில் இருந்தது. எண்ணெய் தீர்ந்திருக்கும் நாளைக் கணக்குப் போட்டு முதல் பத்துப் பேருக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.