கழுவின பாத்திரத்தைக் கழுவாமல் இருப்பது எப்படி

வீட்டில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் என் கால் தானாக சிங்க் பக்கம் போகும். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்ப்பேன். நாற்பது வயது வரை இதைச் சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

காசிமேட்டில் எங்கள் வீடு ஒரே அறை. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் தகரக் கதவு சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடுவேன். வேலை செய்கிற பிள்ளையை அவர் அடிக்க மாட்டார். எட்டு வயதில் நானே கண்டுபிடித்த வழி; நல்ல வழிதான். அப்பா போய்ப் பதினோரு வருடமாகிறது, கைக்கு மட்டும் இன்னும் சேதி போகவில்லை.

உங்களிடமும் ஏதாவது இருக்கும். சிரித்து மழுப்புவது, "பரவாயில்லை" என்று முந்திக்கொள்வது, வாயடைத்துப் போவது. மனப் பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் 1936-லேயே இந்த மாதிரி மனத் தற்காப்புகளை வகை பிரித்து எழுதிவிட்டார். வகை கிடக்கட்டும், உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று பிடியுங்கள். எனக்குத் தோள்பட்டை காதுவரை ஏறும். ஏறும்போதே, "இப்போ எனக்கு என்ன வயசு?" என்று கேட்பேன். பெரும்பாலும் எட்டு என்றுதான் பதில் வரும்.

அப்புறம் உள்ளே இருக்கிற அந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் பேச வேண்டும். புத்தகத் தமிழ் வேண்டாம். "அன்புக் குழந்தையே" என்று ஆரம்பித்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெருப் பேச்சுதான் வேலைக்கு ஆனது: "இந்தா பாப்பா, காத்துக்குக் கதவு சாத்திக்கிச்சு. நீ போய்க் குந்து, நான் பாத்துக்கறேன்." திட்டாதீர்கள். அவ்வளவு நாள் உங்களைக் காப்பாற்றியது அவள்தான்.

கையையும் பழக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் வாரம் நான் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை, வயிறு கலங்கியது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் கொஞ்சம் அடங்கும்.

இப்போதும் அடி விழுகிற வீடு என்றால் இதெல்லாம் உதவாது; அந்தப் பயம் சரியான பயம். பெண்கள் 181 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பழைய ஞாபகம் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குப் போனால் தனியாகத் தோண்டாதீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

போன வாரம் மகன் கோபத்தில் கதவைச் சாத்தினான். எழுந்து சிங்க் வரைக்கும் போய்விட்டேன். ஒரே ஒரு டம்ளரைக் கழுவிவிட்டுத் திரும்பினேன். அது நிஜமாகவே அழுக்கு டம்ளர்.