தோட்டத்துக்குச் சேவை செய்ய வரும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டங்களுக்குப் புதிய இளைஞர் குழுக்கள் வரத் தொடங்கிவிடும். ஈப்போவிலிருந்து வருபவர்கள் உண்டு, கோலாலம்பூரிலிருந்து வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் உண்டு. நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் என்னென்ன கோளாறுகள் நடந்தனவோ, அவையே மறுபடியும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

உதவி கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடாதே, காலாவதியான சாமானைக் கொடுக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

நேரம் தெரியாமல் போவது

காலை பத்து மணிக்கு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கதவைத் தட்டினால் பாட்டிகளும் சின்னப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். தோட்ட வேலை விடியுமுன் தொடங்கிவிடும். வேலைக்குப் போனவர்கள் மதியத்துக்கு மேல் வந்து, குளித்துச் சாப்பிட்டுக் கண்ணயர்வார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போனவர்களில் பலர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மாலை ஐந்தரைக்குப் போங்கள். போவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அது தனியார் நிலம்.

முதலாளி செய்ய வேண்டியதை நீங்கள் செய்வது

லயத்துக் கால்வாய் அடைத்துக் கிடக்கிறது, கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. உடனே கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டு உழைப்பு, போட்டுவிடுவோம் என்று கிளம்புகிறார்கள். தொழிலாளர்கள் அங்கே வேலையில் இருந்து, வீடும் தோட்டம் கொடுத்த வீடாக இருந்தால், அதைப் பழுது பார்ப்பதும் தண்ணீர், மின்சாரம் கொடுப்பதும் நிர்வாகத்தின் கடமை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், அதைத்தான் சொல்கிறது. நீங்கள் பெயிண்டு வாங்கி அடித்துக் கொடுத்தால் மறுபடி மனு கொடுக்கும்போது நிர்வாகம் என்ன சொல்லும்? எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லும். முதலில் தேதியோடு படம் எடுங்கள். குடியிருப்பவர்களே கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை எழுத உதவுவதுதான் அங்கே பெரிய சேவை.

பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது

இதை நீளமாகவே எழுதப் போகிறேன். நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிற விஷயம் இது.

அடையாள ஆவண முகாம் என்று பதாகை கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மேசைக்கு இரண்டு பேர் உட்கார்ந்து, பெயர் எழுதி, பத்திரங்களை வாங்கிக் கோப்பில் போடுவார்கள். சாயங்காலம் இத்தனை குடும்பங்களுக்கு உதவினோம் என்று அறிக்கை போகும். உண்மையில் அன்று ஒரு குடும்பத்துக்கும் எதுவும் நடக்கவில்லை. பத்திரம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மகனின் பிறப்புப் பத்திரம் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. குடியுரிமைக் கட்டத்தில் குடிமகன் அல்ல என்று மலாயில் அச்சடித்திருந்தது. கிளினிக்கில் ஊசி போட்ட அட்டை, தமிழ்ப்பள்ளி விலகல் சான்றிதழ், கணவரின் ஐசி (அடையாள அட்டை) நகல் எல்லாம் அதே டின்னில். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு அசலையே வாங்கிக்கொண்டு போனது. ரசீது கொடுக்கவில்லை. ஆறு மாசத்தில் கூப்பிடுவோம் என்று சொன்னார்களாம்.

குழுவில் பொறுப்பு கைமாறியது. கோப்பை வைத்திருந்தவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. காகிதமெல்லாம் யாரோ ஒருவரின் கார் பின்பெட்டியில் கிடந்தது. அந்த அம்மாவோ, எல்லாம் ஜேபிஎன்னில், அதாவது தேசியப் பதிவு இலாகாவில், இருக்கிறது, புத்ராஜெயாவிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்தார். கோயிலில் பார்க்கும்போதெல்லாம், “தம்பி, அந்தக் கடுதாசி என்னாச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்” என்பார். கடைசியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, விண்ணப்பமே போகவில்லை. அதற்குள் மகனுக்கு இருபத்தொன்று முடிந்திருந்தது.

இந்த வயது வரம்புக் கணக்கு முகாம் போடுகிற பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி, சிறப்புச் சூழ்நிலையில் வயது வரம்புக்குக் குறைந்த யாரையும் அரசாங்கம் குடிமகனாகப் பதிவு செய்யலாம். அந்த வரம்பு 21 வயதாக இருந்தது; அதை 18 ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, அதனால் இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்க்கு ஆவணம் இல்லாத பிள்ளைகள், தத்துப் பிள்ளைகள் பலருக்கும் எட்டுகிற வழி அதுதான். விண்ணப்பித்தால் உடனே கிடைத்துவிடாது. முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகும், காரணம் சொல்லாமல் நிராகரித்தும் விடுவார்கள். நிராகரித்தால் வயது தாண்டுவதற்குள் மறுபடியும் போடலாம். அதனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காகிதமும் பதினேழு வயதுப் பிள்ளையின் காகிதமும் ஒன்றல்ல. ஒரே கோப்பில், வந்த வரிசைப்படி அடுக்கி வைத்தால் பெரிய பிள்ளையின் வாய்ப்பைப் பறிக்கிறோம் என்று அர்த்தம். வயது தாண்டிய பிறகு மிஞ்சுவது நீதிமன்றம், அல்லது அதைவிட நீண்ட வழிகள். தோட்டத்துக் குடும்பத்துக்கு இரண்டும் சுலபமில்லை.

அந்தப் பையன் இப்போது கார் கழுவும் கடையில் நாள் சம்பளத்துக்கு இருக்கிறான். வங்கிக் கணக்கு இல்லை, லைசென்ஸ் இல்லை. மோட்டார் ஓட்டத் தெரிந்தும் போலீஸ் தடுப்புக்குப் பயந்து நடந்தே போகிறான். அம்மாவின் டின்னில் இப்போது பிறப்புப் பத்திரமும் இல்லை. அந்தத் தோட்டத்தில் அடுத்து போன குழுவுக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்?

இந்த வேலையில் இறங்குவதென்றால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். அசலைத் தொடாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளை வயது வரம்பைத் தாண்டும் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதை அந்தத் தேதி சொல்லட்டும். ஜேபிஎன் முகப்புக்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே உட்காருங்கள். கொடுத்ததற்கான சீட்டை அவர்கள் கையில் கொடுத்து, நீங்கள் நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நீங்கள் ஊரை விட்டுப் போனாலும் அந்த அம்மாவே அலுவலகத்தில் போய்க் கேட்க முடியும். ஐந்து குடும்பத்தை மட்டும்தான் இப்படிக் கூட்டிப் போக முடியும் என்றால் ஐந்தோடு நிறுத்துங்கள். ஐம்பது பேரின் காகிதத்தை வாங்க உங்களுக்கு உரிமை இல்லை.

கல்யாணம் ஆச்சா என்று மட்டும் கேட்பது

ஆச்சு என்றுதான் சொல்வார்கள். மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியிருப்பார்கள், படமும் காட்டுவார்கள். ஆனால் 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகவே கணக்கு. குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். அப்பா குடிமக்களுக்கான நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் போவது இதனால்தான். பிறகு போய்ப் பதிவு செய்தாலும் பிள்ளையின் நிலை தானாக மாறிவிடுவதில்லை. எந்த வருஷம், எங்கே பதிந்தீர்கள், பிள்ளை பிறப்பதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அக்கா, அண்ணே என்று கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். இளம் ஜோடிகளைப் பார்த்தால் இன்றே பதியச் சொல்லுங்கள். பதிவு அதிகாரம் உள்ள கோயில்களும் இருக்கின்றன.

பிறந்த வருஷத்தை ஊகித்து எழுதுவது

நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெரியவர்களிடம் இது ரொம்ப முக்கியம். மெர்டேக்கா நாளான 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், சட்டப்படியே குடிமக்கள். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். பாட்டி “மெர்டேக்கா கிடைச்சு அஞ்சாறு வருஷம் இருக்கும்” என்று சொன்னதும் நீங்கள் 1963 என்று எழுதிவிட்டால், பின்னால் அதை மாற்ற அலைய வேண்டியிருக்கும். தோட்ட மருத்துவமனைப் பதிவேடு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், அண்ணன் தங்கையின் பிறப்புப் பத்திரம் என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டியூஷன்

ஆண்டு முடியும் வரை வர முடியாதவர் வகுப்பைத் தொடங்க வேண்டாம்.

கோயில் மண்டபம்

தலைவரிடம் கேட்டால் போதாது, செயலாளரிடமும் சொல்லுங்கள்.

பணம்

மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் போட்ட பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்து அவர் தோட்டங்களை வாங்கினார். அந்தப் பணத்தின் பங்குச் சீட்டைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை பத்திரமாக வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. நீங்களும் முத்திரைச் செலவு, பயணச் செலவு என்று எதை வாங்கினாலும் எழுதிக் கொடுங்கள். ஐசி எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டு ஏஜெண்டுகள் சுற்றுகிறார்கள், அவர்களிடம் ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். ஜேபிஎன் கட்டணம் எதுவாக இருந்தாலும் அதைக் குடும்பத்தாரே முகப்பில் கட்டட்டும், ரசீதும் அவர்கள் பெயரிலேயே வரட்டும்.