மின்பொறியியலுக்குக் கால்குலேட்டர்: கடையிலேயே ஒரு கணக்குப் போட்டு வாங்குங்கள்

பைக்காராவில் 1932-லேயே மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. பிறகு மோயாறு, குந்தா என்று மின்நிலையங்கள் வந்தன. நீலகிரிப் பிள்ளைகள் பலர் மின்பொறியியல் சேர்வதில் வியப்பில்லை. அவர்கள் கால்குலேட்டர் வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பதுதான் எனக்கு வருத்தம். முதலாண்டில் நானும் அப்படித்தான் வாங்கினேன். அடுத்த ஆண்டு மாறுதிசை மின்சுற்றுப் பாடம் வந்ததும் வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று.

முதலில், கலப்பெண் (மெய்ப்பகுதியோடு, −1-இன் வர்க்கமூலம் பெருக்கிய கற்பனைப் பகுதியும் உள்ள எண்) வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மாறுதிசைச் சுற்றுக் கணக்குகளுக்கு அது வேண்டும். காசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ்ஸில் அது கிடையாது. எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்ஸில் உண்டு. வாய்ச்சொல்லை நம்பாமல் கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

991இஎஸ் பிளஸ் என்றால் ‘மோட்’ விசையை அழுத்தி 2-ஐத் தேர்ந்தெடுங்கள். திரையின் மேல்வரியில் ‘டி’ எழுத்து தெரிய வேண்டும்; அதுதான் பாகை அளவு. ‘ஆர்’ தெரிந்தால் ரேடியன். கோணம் வேறு எண்ணாக வரும். இப்போது 230 ÷ (30 + 40 என்று அடித்து, ‘இஎன்ஜி’ விசையை அழுத்துங்கள். −1-இன் வர்க்கமூலத்தைக் குறிக்கும் ‘ஐ’ விழும். நாம் மின்னோட்டத்துக்கு ‘ஐ’ வைத்துக்கொண்டதால் ‘ஜே’ என்று எழுதுகிறோமே, அதேதான் இது. அடைப்பை மூடிச் சமக்குறி அழுத்தினால் 2.76 − 3.68‘ஐ’ என்று வரும். பின்னமாக வந்தால் ‘எஸ்⇔டி’ விசை தசமமாக்கிவிடும். அடுத்து ஷிஃப்ட், 2, 3, சமக்குறி. 4.6∠−53.13 என்று திரையில் நிற்கும்.

அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. 230 வோல்ட்டில், 30 ஓம் மின்தடையும் 40 ஓம் தூண்டல் மறுப்பும் (மாறுதிசை மின்னோட்டத்துக்குக் கம்பிச்சுருள் காட்டும் எதிர்ப்பு) தொடரில் இருந்தால் ஓடுவது 4.6 ஆம்பியர், அது மின்னழுத்தத்துக்கு 53.13 பாகை பின்தங்கியிருக்கிறது. அந்தக் கோணத்தின் கொசைன் 0.6, அதுவே திறன் காரணி, அதாவது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதில் உண்மையில் பயனாகும் திறனின் பங்கு. கையால் போட்டால் அரைப்பக்கம் போகும்.

அடுத்து, மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் வசதி. நேர்திசைச் சுற்றுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் 991இஎஸ் பிளஸ்ஸின் அந்தப் பகுதியில் கலப்பெண் கெழுக்களைக் கொடுக்க முடியாது. அவற்றை மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று நீங்களேதான் பிரித்துப் போட வேண்டும்.

நிரல் எழுதும் வகையைப் பல தேர்வுக்கூடங்களில் அனுமதிப்பதில்லை. உங்கள் கல்லூரியின் விதியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடைசியாக, நம் ஊர்க் குளிர். ஆடி மாத மூடுபனியில் சூரியத் தகட்டை மட்டும் நம்ப முடியாது; உள்ளே பேட்டரியும் உள்ள வகையாகப் பாருங்கள். தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளைப் பச்சையாக அரித்துவிடும், உடனே கழற்றிவிடுங்கள்.